கலங்கரைக் குழுவுக்கு வந்த தடை

அன்று படகுக் கொட்டகையில் இருந்தவர்கள் ஏழு பேர். செயலாளர் பிலோமினா, தலைவர் கஸ்பார், படகோட்டி இன்னாசி, அவன் தம்பிகள் இருவர், இயந்திரம் பார்க்கும் தோமை ஆகிய ஆறு பேரும் கலங்கரைக் குழுவினர். ஏழாமவர் அரசாணையோடு வந்த அதிகாரி துரைமாணிக்கம்.

கடலில் காணாமல் போனவர்களைத் தேடிக் கொண்டுவருவது அந்தக் குழுவின் வேலை. அதற்கு ஒரே ஒரு படகு. தேடப் போகிறவர்கள் ஏறுமுன் ஏட்டில் கையெழுத்திடுவார்கள். கரை திரும்பியதும் எதிரே இன்னொரு கையெழுத்து. யார் வரவில்லை என்று தெரிய வேண்டுமே. இருபத்து மூன்று வருடத்து ஏடுகள் பிலோமினாவிடம் இருந்தன.

அந்த நாட்டில் குண்டு வைக்கும் கூட்டம் ஒன்றும் இருந்தது. அரசு அதை 'எரிமுனை' என்ற பெயரில் தடை செய்தது. மறுமாதமே அது 'புதுவழி முன்னணி' ஆயிற்று. அதையும் தடை செய்தார்கள். பிறகு சந்தையில் குண்டு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அங்கே கிடந்த துண்டறிக்கையின் அடியில் 'கலங்கரைக் குழு' என்று அச்சடித்திருந்தது. கையெழுத்து எதுவும் இல்லை. சலித்துப்போன அரசு, கலங்கரைக் குழுவுக்கும், அதே ஆட்கள் வேறு எந்தப் பெயரில் கூடினாலும் அந்தப் பெயருக்கும் சேர்த்துத் தடை போட்டது. படகுக்குச் சங்கிலி விழுந்தது. மழைக்காலம் தொடங்கப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"எங்களை உங்களுக்குத் தெரியாதா ஐயா?" என்றாள் பிலோமினா.

"எனக்குத் தெரியும்மா. ஆணைக்குத் தெரியாதே."

அவர் நிதானமாக விளக்கினார். ஆட்சேபம் சொல்லலாம். ஆனால் 'நான் கலங்கரைக் குழு உறுப்பினர்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, நேரில் வர வேண்டும். வந்தவர் தீர்ப்பு வரும்வரை காவலில் இருப்பார். ஒருவரும் வராவிட்டால் தடை நிலைக்கும், படகு பறிபோகும். இன்றே விலகல் கடிதம் கொடுப்பவரை மட்டும் விட்டுவிடலாம்.

"எங்க வலையிலயாவது சின்ன மீன் தப்பிக்கும் ஐயா," என்றான் தோமை.

கஸ்பார் காகிதம் கேட்டார். "அறுபத்தெட்டு வயசாச்சு. ஜெயில் சோறு எனக்குச் செரிக்காது." விலகல் கடிதத்தை நீட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினார்.

"பேருதானக்கா வம்பு? 'அலைத்துணை'ன்னு மாத்திக்குவோம்," என்றான் இன்னாசி.

"அதத்தானடா குண்டு வைக்கிறவனுங்களும் செய்றானுங்க," என்றாள் பிலோமினா.

அவன் கேட்கவில்லை. தம்பிகளைக் கூட்டிக்கொண்டு புதுப் பெயரைப் பதியப் போனான்.

பிலோமினா பேனாவைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுதினால் அது தன் வாயாலேயே கொடுக்கும் வாக்குமூலம். எழுதாவிட்டால் படகு இல்லை. வாசல் ஒன்றுதான், அதில் அதிகாரி நின்றார். அவள் கையெழுத்திட்டாள். அதன் கீழே தோமையும் இட்டான்.

விலகியவர், பெயரை மாற்றியவர்கள், கையெழுத்திட்டவர்கள்: இதில் யார் செய்தது சரி? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: கையெழுத்திட்டவர்கள் செய்ததே சரி. கஸ்பாரைப்போல ஆறு பேரும் விலகியிருந்தால், அந்தப் பெயர் குண்டு வைத்தவர்களுக்கே சொந்தமாகியிருக்கும். இன்னாசி அதே ஆட்களோடு வேறு பெயரில் கூடி, ஆணை சொன்ன குற்றத்தைத் தானே போய்ச் செய்தான். பெயர் மாற்றித் திரிகிறவனால் செய்ய முடியாதது ஒன்று உண்டு: பழைய பெயரின் கீழே கையெழுத்துப் போட்டு, முகத்தைக் காட்டி நிற்பது. ஆட்சேபத்தை விசாரித்த நடுவர் அதைப் புரிந்துகொண்டார். நாற்பத்தோராம் நாள் தடை நீங்கியது, சங்கிலியும் அவிழ்ந்தது. இன்னாசியும் தம்பிகளும், தடை இருந்தபோது பெயர் மாற்றிய வழக்கில் இன்னும் உள்ளே இருந்தார்கள். கஸ்பார் திரும்பி வரவில்லை. அந்தப் படகைக் கடலில் தள்ள நான்கு பேர் வேண்டும். மீதி இருந்தவர்கள் இரண்டு பேர்.