இருநூறு ஆம்பியர் பேட்டரி

"விடியிற வரைக்கும் நிக்காம ஓடணும்னா எத்தனை ஆம்பியர் பேட்டரி போடணும்?"

மூன்று மாதமாக இதே கேள்வி. கேட்கிறவர் சூசைமரியான் சார். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பதில் சொல்ல வேண்டியவள் சண்முகவடிவு. தென்காசி ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறாள், படிப்பு எட்டாம் வகுப்போடு சரி, அவரைவிட இருபது வயது இளையவள். அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள அவர் தினமும் வந்து ஸ்டூலில் உட்காருகிறார். என்னத்தைச் சொல்ல, துக்கம் மனுஷனை எங்கெங்கேயோ கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது.

"எது ஓடணும் சார்வாள்?"

"அமலியோட ஆக்சிஜன் மிஷின்."

அமலி அவர் மனைவி. போன வருஷம் ஆனி மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா இந்த மிஷின் இரைச்சலைத்தான் கேட்டுட்டுக் கெடக்கேன். ஒரே ஒரு தடவை அருவிச் சத்தத்தைக் கேட்டுரணும்" என்று அவள்தான் ஆசைப்பட்டாள். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற குட்டி வண்டிவீடு ஒன்று வாங்கினார். அருவிக்குப் பக்கத்துத் தோப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். நூறு ஆம்பியர் பேட்டரி பத்து மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்.

காலை ஐந்து மணிக்கு விழித்தபோது மிஷின் ஓடவில்லை. அவளுக்கு மூச்சும் இல்லை.

பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்று இந்தக் கடைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார். அன்றோடு தூக்கம் போயிற்று.

"என் கணக்கு தப்பாப் போச்சும்மா. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

நூறை எடுத்துவிட்டு நூற்றைம்பது போட்டாயிற்று. இப்போது இருநூறு வேண்டுமாம், அதுவும் லித்தியத்தில். வண்டியோ வீட்டு வாசலைவிட்டு நகரவே இல்லை.

"அந்தப் பழைய நூறு எங்க?"

"கார் டிக்கியிலதான் கெடக்கு."

"தூக்கிட்டு வாங்க."

ராத்திரி முழுக்க அது சார்ஜில் கிடந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அதில் இரண்டு ஹெட்லைட் பல்பை மாட்டினாள்.

"உங்க மிஷினும் ஃபேனும் சேர்ந்து எவ்வளவு தின்னுமோ, அவ்வளவை இது ரெண்டும் தின்னும். அணையிற வரைக்கும் பாருங்க."

"நாள் பூராவுமா?"

"பள்ளிக்கூடத்துல பிள்ளையள உட்கார வச்சியள்லா? இன்னைக்கு நீங்க உட்காருங்க."

உட்கார்ந்தார். டீ வந்தது, ஆறிப் போயிற்று. மத்தியானமும் பல்பு எரிந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அன்னைக்கு மிஷினை எத்தனை மணிக்குப் போட்டிய?"

"ஒன்பதுக்கு."

"ஒன்பதுலேருந்து அஞ்சு வரைக்கும் எட்டு மணி நேரம். இது ஒன்பது மணி நேரமா எரியுது."

அவர் கோபத்தில் எழுந்துவிட்டார். "அப்ப மிஷின் ஏன் நின்னுச்சு? நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் சார்வாள். நீங்க முழிச்சப்ப ஃபேன் ஓடுச்சா?"

அவர் பல்பிலிருந்து பார்வையை எடுத்தார்.

"ஓடுச்சு. அவ நெத்தி முடி அசைஞ்சுட்டு இருந்துச்சு. அதைப் பார்த்துத்தான் உசிரோட இருக்கான்னு நெனச்சேன்."

"ரெண்டுக்கும் ஒரே இன்வர்ட்டர்தானே?"

"ஒரே இன்வர்ட்டர்தான்."

"பேட்டரி செத்திருந்தா ஃபேனும் நின்னிருக்கும்."

அவர் ஸ்டூலைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மிஷின்லயும் பழுது இல்ல, இன்னைக்கும் ஓடுது. வண்டிக்குள்ள நாங்க ரெண்டு பேருதானேம்மா இருந்தோம். நான் தூங்கிட்டேன். அப்ப அவளேதான் அணைச்சாளா? எதுக்கு அணைச்சா? சொல்லு, எதுக்கு?"

சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

சண்முகவடிவு எழுந்து போனாள். வேறு பேட்டரிகளுக்காகக் காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த சார்ஜரை அணைத்தாள். சுவர் ஃபேனை அணைத்தாள். மூலையில் கடகடத்துக்கொண்டிருந்த கம்ப்ரஸரையும் நிறுத்தினாள்.

கடை அடங்கிப்போனது.

தகரக் கூரைமேல் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. விடிந்ததிலிருந்தே தூறிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் காதில் விழவே இல்லை.

வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அருவிச் சத்தத்தைக் கேட்டிருப்பா," என்றார். "இல்ல?"