பேரிங் வண்டியில் ஐந்து நட்டு

மலையடிவாரத்து மடத்தில் ரங்கம்மை நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, நாச்சிமுத்து மொபெட்டில் வந்து இறங்கினார்.

சங்ககிரியில் பழைய லாரி சாமான் வாங்கி விற்கிறவர். வயதில் ரங்கம்மையைவிடப் பன்னிரண்டு வருஷம் மூத்தவர். ஆனாலும் குரு என்று அவர் கும்பிட்டது இந்த ஒரு அம்மாளைத்தான். அதுவும் ஆறு மாசம் அக்கம்பக்கம் விசாரித்த பிறகு.

மொபெட்டின் பின்னால் ஒரு பேரிங் வண்டி கட்டியிருந்தது. உட்கார ஒரு பலகை. குறுக்கே இரண்டு கட்டை. கட்டை முனைகளில் சக்கரத்துக்குப் பதில் பழைய லாரி பேரிங். திருப்பக் கயிறு.

"இதை எதுக்குங்க இவ்வளவு தூரம் சுமந்துட்டு?"

"வீட்டுல விட்டுட்டு வர மனசில்லீங்கம்மா. நான் இல்லாத நேரம் எவனாச்சும் கை வெச்சுட்டான்னா?"

"சரி, உட்காருங்க. என்ன சேதி?"

"எம்புள்ள மனசை எவன் கலைச்சான்னு தெரியணுங்க."

அவர் மகள் பூவிழிக்கு ஒன்பது வயது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்தவள். ஒரு மாசமாக அப்பனும் மகளும் சேர்ந்து செய்த வண்டி இது. கட்டை அறுத்தது அவர். நட்டு முடுக்கியதெல்லாம் அவள். ஞாயிற்றுக்கிழமை கரட்டு ரோட்டுச் சரிவில் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து வண்டியை விடுவதாகப் பேச்சு.

"இப்ப வண்டியே வேண்டாங்கறா. எங்கூட ஏற மாட்டாளாம். நாலு நாளா மூஞ்சி கொடுத்துப் பேசறதில்லை. ஏண்டின்னு கேட்டா வீட்டுப்பாடம்ங்கறா. லீவுல என்னங்க வீட்டுப்பாடம்?"

"நீங்க யாரைச் சந்தேகப்படறீங்க?"

"லேத்துப் பழனியாண்டியைத்தான். நாலு பேரிங்கும் அவன் சும்மா கொடுத்தது. சும்மா கொடுப்பானாம்மா எவனாச்சும்? பத்து வயசுல லாரிக்கு அடியில படுத்தவன் நான். சும்மா கொடுக்கற கையைத்தான் முதல்ல பார்க்கணும்."

ரங்கம்மை மடியிலிருந்த தொலியை உதறிவிட்டு எழுந்தார். வண்டியை அவிழ்த்து இறக்கச் சொன்னார். கவிழ்த்துப் போடச் சொன்னார்.

"இது என்னங்க, சிவப்பா?"

நாச்சிமுத்து குனிந்தார். ஒவ்வொரு நட்டின் மேலும் மெல்லிசாய் ஒரு கோடு. பக்கத்துக் கட்டையிலும் ஒரு கோடு.

"நகச்சாயமுங்க. அவங்கம்மாளுது. புள்ளை சும்மா கிறுக்கி வெச்சிருக்கும்."

"கிறுக்கின மாதிரி இல்லையே. அஞ்சுலயும் இருக்குது."

அவர் இன்னும் குனிந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாமான் ஏத்தற என் லாரியைப் பட்டறையில விடறப்போ நான் இப்படித்தாங்க பெயிண்டுல இழுப்பேன். நட்டுலருந்து இரும்பு வரைக்கும் ஒரே கோடு. எவனாச்சும் திறந்து மூடுனா கோடு விலகிரும். எத்தனை பேரைப் பிடிச்சிருக்கறேன் தெரியுங்களா! இதை அவளுக்கு நாந்தான்…"



"எத்தனை கோடு விலகியிருக்குது?" என்றார் ரங்கம்மை.

"அஞ்சும்."

"யார் திறந்தது?"

"நாந்தாங்க. பின்னே? அவ படுத்தப்புறம் திறந்து பார்த்தேன். சின்னப் புள்ளை கைங்கம்மா! சரிவுல ஒண்ணு கழண்டா யார் வந்து தூக்குவா?" குரல் ஏறியது. "பெத்தவன் பார்க்காம பழனியாண்டியா பார்ப்பான்?"

"அவ முடுக்கினதுல எத்தனை லொடலொடன்னு இருந்துச்சு?"

நாச்சிமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"சொல்லுங்க."

"ஒண்ணுகூட இல்லீங்க."

"ஒரு நாள்தான் திறந்தீங்களா?"

"தினமும்."

காற்றில் கடலைத் தொலி பறந்து வண்டியடியில் போய் ஒதுங்கியது.

"பட்டறைக்காரன் இப்படித் திறந்திருந்தா என்ன பண்ணுவீங்க?"

"மறுபடி அவன் பட்டறைக்குள்ள என் வண்டி போகாதுங்க." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு திடீரென்று எழுந்தார். மொபெட் பெட்டியிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் நட்டில் ஸ்பானரைப் போட்டார்.

அவர் முடுக்கிய முடுக்கில் கோடு தாண்டிப் போயிருந்தது. சேர வேண்டுமென்றால் நட்டைத் தளர்த்தியாக வேண்டும். தளர்த்தினார். கோடு சேர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது. மயிரிழை விலகலுக்குக்கூடக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

ஐந்தும் முடிந்தது. நாச்சிமுத்து கையைத் தட்டிக்கொண்டார். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"பாருங்கம்மா. அச்சு அசலா அவ போட்ட மாதிரியே. வந்து பார்த்தாள்னா ஒரு நட்டுகூட விலகலைன்னு நினைச்சுக்குவா. இனி எம்மேல சந்தேகமே வராது."

ரங்கம்மை ஐந்து கோட்டையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வராதுங்க. நாலு நாளா அவ பார்த்ததெல்லாம் பொய்யின்னு ஆயிரும். இனி அவ சந்தேகப்படறது அவ கண்ணைத்தான்."