பாசியின் மேட்டு வீடு

களுக், களுக்.

மூன்று பனிக்காலத்துக்கு முன்னால் கேட்ட சத்தம் அது. வீட்டின் அடியில் தண்ணீர் முட்டும் சத்தம். பாசிக்கு அது தினமும் கேட்பதுதான். ஆனால் அந்த ஒரு வருஷம் அதைக் கூட இருந்து கேட்க ஒருத்தி இருந்தாள். அதனால் அந்த வருஷத்துச் சத்தம் மட்டும் அவள் காதில் தனியாகத் தங்கிவிட்டது.

பாசி ஒரு முக்குளிப்பான், நீரில் முங்கி இரை தேடும் சின்னப் பறவை. கோரைக் குளத்தில் அவள் வீடு மிதந்தது. நீர்க்கொடியும் அழுகிய தண்டும் ஈரப்பாசியும் சேர்த்து அடுக்கிய மெத்தை. அதை இரண்டு கோரைத் தண்டுகளில் கட்டிப் போட்டிருந்தாள். தண்ணீர் ஏறினால் வீடும் ஏறும். இறங்கினால் வீடும் இறங்கும். முக்குளிப்பான்களின் வீடே அப்படித்தான்.

அந்த ஒருத்தியின் பெயர் முன்பனி. வடக்கேயிருந்து வந்த ஊசிவால் வாத்து. இறக்கையில் அடிபட்டுக் கூட்டத்தை விட்டுப் பிரிந்தவள், அந்தப் பனிக்காலம் முழுதும் பாசியின் வீட்டிலேயே கிடந்தாள்.

"உன் வீட்டுக்கு அடியில் யாரடி ஓயாமல் பேசுவது?" என்பாள்.

"தண்ணீர்தான். வேறு யார்!"

"சரியான வாயாடித் தண்ணீர்!" என்று சிரிப்பாள்.

இறக்கை ஆறியது. "மறுபடி வருவேன். நீ இங்கேயே இரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு பனிக்காலம் வரவில்லை. பாசி விடியும்போதெல்லாம் கழுத்தை நீட்டி வடக்கே பார்த்தாள்.

மூன்றாம் வருஷம், வடக்கேயிருந்து முதலில் வந்து இறங்கிய உள்ளான் குருவிகள் சேதி கொண்டுவந்தன. "முன்பனி வருகிறாள்! பெரிய ஏரிக்குப் போகிற வழியில் இறங்கி உன்னைப் பார்க்க வேண்டுமாம்!"

பாசி சந்தோஷத்தில் மூன்று முறை முக்குளித்தாள். நான்காம் முறை தலையைத் தூக்கியபோது தன் வீடு கண்ணில் பட்டது. என்றைக்கும் இல்லாமல் அது கறுப்பாக, சொதசொதவென்று தெரிந்தது.

கரையில் மருதமரப் பொந்தில் ஒரு மைனா குடியிருந்தாள். வாசலில் பாம்புச் சட்டையைத் தொங்கவிட்டிருப்பாள். உள்ளே பஞ்சு மெத்தை.

"அவள் எத்தனை ஊர் பார்த்தவள்! இந்தச் சேற்றிலா உட்கார வைக்கப் போகிறாய்?" என்றாள் மைனா.

"அப்போதும் இதில்தானே இருந்தாள், அக்கா?"

"அப்போது நோயாளி. இப்போது விருந்தாளி!"

பாசி தன் வீட்டை இன்னொரு முறை பார்த்தாள்.

மைனா இலவம்பஞ்சு கொண்டுவந்தாள். ஒரு மயிலிறகு. எங்கோ உதிர்ந்த சரிகை நூல். பளபளப்பான நத்தை ஓடுகள். பாசி எல்லாவற்றையும் வீட்டில் பரப்பினாள். பஞ்சு ஊறிக் கட்டியாயிற்று. நத்தை ஓடுகளின் பாரத்தில் வீடு ஒரு பக்கம் அமிழ்ந்தது.

"சாமான் மேல் குற்றமில்லையடி. இடம்தான் குற்றம்!" என்றாள் மைனா. "மேட்டுக்கு வா!"

அப்படித்தான் மருதமரத்தடியில் புது வீடு எழுந்தது. காய்ந்த புல் சுவர், பஞ்சுத் தரை, வாசலில் சரிகைத் தோரணம். பழைய வீட்டைக் கோரையிலிருந்து பாசி அவிழ்த்துவிட்டாள். அது காற்றோடு போய், எங்கோ கலைந்தது.

முக்குளிப்பானின் கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருக்கும். நீரில் அவை துடுப்பு. தரையிலோ இரண்டடி வைத்தால் குப்புற விழ வேண்டியதுதான். பறந்து எழவும் தண்ணீர் மேல் ஓட வேண்டும்.

"தண்ணீரில் நீ ராணி! மேட்டில் நீ ஒரு மூட்டை!" என்று கரையோரம் நின்ற மடையான் கொக்கு சிரித்தது. "அந்த வீட்டில் எப்படி நடப்பாய்?"

"நான் நடக்கவா கட்டினேன்? அவள் உட்காரக் கட்டினேன்," என்றாள் பாசி.

வீடு அழகாகத்தான் இருந்தது. ஈரமில்லை, ஆட்டமில்லை. அடியில் யாரும் பேசவுமில்லை. பாசிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புது வீடு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு விடியற்காலை. குளம் முழுக்க மூடுபனி. தலைக்கு மேல் இறக்கைச் சத்தம். பிறகு சளார் சளாரென்று நீரில் இறங்கும் சத்தம்.

"பாசி! ஏ பாசி! எங்கேயடி இருக்கிறாய்?"

அதே குரல்!

"இதோ! இங்கே!" என்று கத்திக்கொண்டு பாசி வாசலுக்குப் பாய்ந்தாள். சரிகை நூல் காலில் சுற்றியது. விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள். கூட்டத்தின் இரைச்சலில் அவள் குரல் அமுங்கிப் போயிற்று.

பனிக்கு அப்பால் முன்பனி பேசுவது மட்டும் கேட்டது. "இந்தக் கோரைதான். இதில்தான் கட்டியிருந்தாள். வீட்டைக் காணோமே!"

"வீடே இல்லை, ஆள் மட்டும் இருப்பாளா?" என்றான் கூட்டத்துத் தலைவன். "வெயில் ஏறுமுன் ஏரிக்குப் போக வேண்டும். கிளம்பு!"

"கொஞ்சம் பொறுங்கள், அண்ணா. அந்த வாயாடித் தண்ணீர் பேசினால் போதும், இந்தப் பனியிலும் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவேன்."

எல்லோரும் காது கொடுத்தார்கள். குளம் பேசவில்லை.

பாசி வயிற்றால் தேய்த்துத் தேய்த்துக் கரையிறங்கினாள். அவள் நீரில் விழுந்தபோது கூட்டம் எழும்பிவிட்டது. கோரையருகே முன்பனி மிதந்த இடத்தில் அலை இன்னும் அடங்கவில்லை.

"அடடா! ஒரு தடவை உள்ளே வந்து பார்த்திருக்கலாம்!" என்றாள் மைனா மரத்திலிருந்து. "அந்த மயிலிறகைப் பார்த்திருந்தால் போயிருக்கவே மாட்டாள்!"

பாசி முக்குளித்தாள். ஒரு வாய் ஈரப்பாசியோடு மேலே வந்தாள். மறுபடி முக்குளித்தாள். பொழுது சாய்வதற்குள் அதே இரண்டு தண்டுகளில் ஈரவீடு ஒன்று மிதந்தது. களுக், களுக் என்றது தண்ணீர்.

பிறர் மெச்ச அலங்கரித்த வீட்டில் நம் கால்கூட நடக்காது. நமக்கு இசைந்த வீடே நம்மைத் தேடி வருபவருக்கும் அடையாளம்.

அடுத்த மார்கழியிலும் வாத்துக்கூட்டம் வந்தது. முன்பனி அதில் இல்லை. அவள் வடக்கிலேயே ஓர் ஏரியில் தங்கிவிட்டதாக உள்ளான்கள் சொல்லின.