உப்பு ஓட்டுக் கூரை

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் இன்று முதல் என் இலையில் விழுகிற அப்பளமெல்லாம் நமத்துப் போகட்டும்! கேளுங்கள் குழந்தைகளே.

ஒரு காட்டில், மலையடிவாரத்தில், வேலாண்டி என்ற முள்ளம்பன்றி கடை வைத்திருந்தது. சின்னக் கடை என்று நினைத்துவிடாதீர்கள். முன்வாசல் வழியாக நுழைந்த நத்தை பின்வாசல் போய்ச் சேர்வதற்குள் அதற்குப் பேரன் பிறந்துவிடுவான். அவ்வளவு நீளம்!

வேலாண்டி நல்ல பிறவிதான். ஆனால் தொலைவிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் போதும், கூழாங்கல்லைக்கூடத் தலையில் வைத்துக் கூத்தாடும். "பக்கத்து மரத்தில் பழுத்தால் அது பழமா? நாலு மலை தாண்டி வந்தால்தான் பழம்!" என்று சொல்லும். நாலு மலை தாண்டுவதற்குள் அது அழுகியிருந்தால், "வெளியூர் வாசனை!" என்று முகர்ந்து பார்க்கும்.

அந்தக் காட்டில் கூரை வேய்வது மஞ்சமுத்து என்ற தூக்கணாங்குருவி. கோரைப்புல்லை எடுத்துப் பின்னினால் எறும்புகூட உள்ளே நுழைய வழி கேட்கும். காட்டில் ஒரு வழக்கமும் இருந்தது. புதுக் கூரை போட்டால், முதல் மழைக்கு அதைச் செய்தவர் வந்து அடியில் உட்கார வேண்டும். ஒரு சொட்டு தலையில் விழுந்தாலும் பிரித்து மறுபடி வேய்ந்து தர வேண்டும். மஞ்சமுத்து எத்தனையோ மழைக்கு அப்படி உட்கார்ந்திருக்கிறது. ஒரு தடவைகூட அதன் தலை நனைந்ததில்லை.

ஓர் ஆனி மாதம், உப்பளக் கரையிலிருந்து ஒரு கூழைக்கடா பறந்து வந்து கடை வாசலில் இறங்கியது. அலகுக்கு அடியில் தொங்கும் பையைத் திறந்து கவிழ்த்தது. நூறு ஓடுகள் கொட்டின! ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தது.

"இது என்ன சரக்கு?" என்று கேட்டது வேலாண்டி. அதற்குள்ளேயே முள்ளெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"கூரை ஓடு. எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு இதுதான். அப்பன் காலத்தில் போட்டது இன்னும் அப்படியே நிற்கிறது."

கூழைக்கடா பொய் சொல்லவில்லை. அப்பன் காலத்திலிருந்தே அந்தக் கரையில் ஒரு பொட்டு மழை கிடையாது. வேலாண்டி அதைக் கேட்கவில்லை. கேட்காததைக் கூழைக்கடா சொல்லவும் இல்லை. கடையிலிருந்த தேன் முழுவதையும் அள்ளிக் கொடுத்து ஓடுகளை வாங்கி முகப்பில் அடுக்கியது வேலாண்டி.

செய்தி கேட்டு மஞ்சமுத்து வந்தது.

"அண்ணாச்சி, வருஷா வருஷம் ஆனியில் நாற்பது கூரைக்குச் சொல்வீர்களே?"

"இந்த வருஷம் வேண்டாம் தம்பி. நீ எதிர்மரத்தில் உட்கார்ந்து பின்னுவதைத் தினமும் எல்லாரும் பார்க்கிறார்கள். கண்ணெதிரே செய்கிற பொருளுக்கு மவுசு ஏது?"

மஞ்சமுத்து அழவில்லை. ஓடுகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது.

"அழகாகத்தான் இருக்கிறது. முதல் மழைக்கு அடியில் யார் உட்காரப் போகிறார்கள்?"

கடையிலிருந்த கூட்டம் மொத்தமும் கூழைக்கடாவைத் திரும்பிப் பார்த்தது.

"செய்தவர் கடற்கரையில் இருக்கிறார். இவ்வளவு தூரம் எப்படி வருவார்?" என்றது கூழைக்கடா.

"கொண்டுவந்தவர் உட்காரலாமே?"

"எனக்கு நேரமாகிவிட்டது!" கூழைக்கடா தேனோடு பறந்தே போய்விட்டது.

"அப்படியானால் மிச்சம் இருப்பது விற்கிறவர்தான்" என்றது மஞ்சமுத்து.

இத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியுமா? "உட்காருவதென்ன, படுத்துக் குறட்டையே விடுகிறேன், போ!" என்றது வேலாண்டி.

முதலில் ஓடு வாங்கியது மரகதம் என்ற புள்ளிமான். அதற்கு நிறைமாதம்.

"அண்ணாச்சி, மழைக்காலத்தில்தான் குட்டி பிறக்கும் போலிருக்கிறது. பிறந்த அன்றே நனைந்தால் பிழைக்காது. இந்த ஓடு தாங்குமா?"

"என் முள்மேல் ஆணை, தங்கச்சி!"

மூன்றே நாளில் மரகதம் திரும்பி வந்தது. "இன்னும் நாலு ஓடு வேண்டும் அண்ணாச்சி."

"போட்ட ஓடு என்ன ஆயிற்று? களவு போய்விட்டதா?"

மரகதம் நெளிந்தது. "ஓரத்தை லேசாக நக்கிப் பார்த்தேன். நல்ல ருசி! என் வீட்டுக்காரரையும் ஒரு வாய் நக்கச் சொன்னேன். அவர் எதையும் ஒரு வாயோடு நிறுத்தமாட்டார்."

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே விழித்துக்கொண்டிருப்பார்கள். வேலாண்டியோ தொடையைத் தட்டியது. "பார்த்தாயா! வெளியூர்ச் சரக்கென்றால் கூரைக்குக்கூட ருசி!"

அதைக் கேட்ட மற்ற மான்களும் வரிசையில் வந்து நின்றன. கூரைகள் நாளுக்கு நாள் தேய்ந்தன. கடையில் விற்பனை நாளுக்கு நாள் ஏறியது. மஞ்சமுத்துவிடம் மட்டும் ஒருவரும் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரைக் காட்டிலிருந்து அதைக் கூப்பிட்டார்கள். "ஆடி பிறந்ததும் வருகிறேன்" என்று சொல்லி அனுப்பியது.

ஆடி பிறந்தது. காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு இடித்தது. வேலாண்டி நெஞ்சை நிமிர்த்தி நடந்து போய் மரகதத்தின் வீட்டில் கூரைக்கு நேர் அடியில் உட்கார்ந்தது.

மழை விழுந்தது. முதல் சொட்டு வேலாண்டியின் மூக்கில். நாக்கால் துழாவியது. கரித்தது. இரண்டாம் சொட்டு கண்ணில். எரிந்தது. பிறகு சொட்டு என்று சொல்ல முடியாது. கூரையே கரைந்து, கஞ்சி கவிழ்ந்தாற்போலத் தலையில் இறங்கியது.

"அண்ணாச்சி! எனக்கு வலி எடுத்துவிட்டது!" என்று கத்தியது மரகதம்.

துணைக்கு ஓடிவந்த மான்களெல்லாம், உப்பில் ஊறிப் பளபளத்து நின்ற வேலாண்டியைப் பார்த்தன. நாக்கு தானாக நீண்டது.

"ஐயோ, நக்காதீர்கள்! முள்! முள்!"

ஆளுக்கொரு குத்து வாங்கிய பிறகுதான் மான்கள் விலகின. வேலாண்டி மழையில் விழுந்து எழுந்து ஆற்றங்கரைக்கு ஓடியது. அங்கே மஞ்சமுத்து சிறகை விரித்து, பறக்கத் தயாராக நின்றது.

"தம்பி, நில்! ஒரு கூரை வேண்டும்!"

"யாரது? அண்ணாச்சியா? ஊறுகாய் ஜாடியிலிருந்து எழுந்து வந்ததுபோல இருக்கிறீர்களே!"

"கேலியை அப்புறம் வைத்துக்கொள். மரகதத்துக்கு வலி. குட்டி நனைந்தால் போய்விடும். அதற்கு ஆணையிட்டுக் கொடுத்தவன் நான்."

மஞ்சமுத்து சிறகை மடக்கியது. "வருகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். மழை பெய்ததும் ஓடி வந்தீர்கள். வெயில் அடித்தபோது என்னிடம் ஒரு கூரை வாங்கினீர்களா? இன்னும் ஒரு நாழிகை கழித்து வந்திருந்தால் யாரைக் கூப்பிட்டிருப்பீர்கள்?"

வேலாண்டி முள்ளையெல்லாம் மடக்கிக்கொண்டு தலை குனிந்தது.

"சரி, நடங்கள். கோரையைப் பல்லால் அறுத்துப் போடுங்கள். இவ்வளவு வேகமாகப் பின்ன ஊசி வேண்டுமே!"

வேலாண்டி தன் முதுகிலிருந்து நீளமான முள் ஒன்றைப் பிடுங்கி நீட்டியது. வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் கோரை அறுப்பதை நிறுத்தவில்லை.

மான்கள் கோரையைச் சுமந்தன. மஞ்சமுத்து பின்னிய வேகத்தில் மழையே ஒரு கணம் நின்று வேடிக்கை பார்த்தது! கடைசி முடிச்சு விழுந்தது. அதே மூச்சில் குட்டியும் தரையில் விழுந்தது. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியது. உள்ளே குட்டி உலர்ந்த தரையில் தள்ளாடி எழுந்து பால் குடித்தது.

மழைக்காலம் போனது, வெயில் வந்தது. காட்டில் யாருக்கும் கூரை நினைவே வராத பங்குனி மாதத்தில், வேலாண்டி நாற்பது கூரைக்குச் சொல்லிவிட்டது. முகப்பில் தொங்கவிட்டு, "எதிர்மரத்துச் சரக்கு! செய்தவரைக் கூப்பிட்டால் வருவார்! எங்கே, உங்கள் கூழைக்கடாவை வரச் சொல்லுங்கள் பார்ப்போம்!" என்று கூவியது. அந்தக் குரல் அக்கரைக்கும் கேட்டது. மஞ்சமுத்து அக்கரைப் பக்கம் போகவே இல்லை.

இதையெல்லாம் யார் சொன்னது என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள், கண்ணுகளா. வேலாண்டியிடம் இன்னும் ஆயிரம் முள் மிச்சம் இருக்கிறது!

நீதி: நம் ஊர் மழை நம் ஊர்க் கைக்குத்தான் தெரியும், வெயில் நாளில் அதனிடம் வாங்கினால்தான் மழை நாளில் அது நம் பக்கத்தில் இருக்கும்.