தன் குளத்தைத் தோண்டிய காட்டுப்பன்றி

மேட்டில் ஒரு குளம். பள்ளத்தில் ஒரு குளம். மேட்டுக் குளத்தில் கோரப்பல்லன் என்ற காட்டுப்பன்றி குடும்பத்தோடு வாழ்ந்தது. பள்ளத்துக் குளத்தில் நாச்சி என்ற ஆமை இருந்தது.

நாச்சியின் குளம், மனிதர்கள் சரளைக்கல் வெட்டிவிட்டுக் கைவிட்டுப் போன குழி. ஊற்று சுரந்து அது நிரம்பியிருந்தது. தண்ணீர் அத்தனை தெளிவு! அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம்.

கோரப்பல்லனின் குளமோ எப்போதும் கலங்கல். பாட்டன் காலத்திலிருந்து பன்றிகள் புரண்டு வந்த குளம் வேறு எப்படி இருக்கும்?

ஒரு நாள் மான்கள் அவன் குளத்தைத் தாண்டிக் கீழே போயின.

"இங்கேயே குடிக்கலாமே!" என்றான் கோரப்பல்லன்.

"ஐயே, சேறு! நாச்சியக்கா குளத்துத் தண்ணி இளநீர் மாதிரி இருக்கும்!"

அவனுக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்த ஆமைக்கு இந்த வாழ்வா! நேரே நாச்சியிடம் போனான்.

"உன் குளத்துல மட்டும் என்ன மாயம்?"

"மாயம் ஒண்ணுமில்லை அண்ணே. அடியில சரளை. அது வழியா ஊறி வர்ற தண்ணி தெளிஞ்சு வருது."

"என் குளத்துக்கு அடியிலயும் சரளை இருக்கா?"

"இருக்கு. ஆனா அதைத் தொட்டுடாதீங்க! மேலே இருக்கிற களிமண்ணுதான்..."

மீதியைக் கேட்க அவன் அங்கே இல்லை. 'எனக்கும் கிடைத்துவிடுமோ என்று பயப்படுகிறாள், கள்ளி!' என்று கறுவிக்கொண்டே மேடேறினான்.

"சித்திரை வெயில் கொளுத்துது. நம்ம ஏழு குட்டிகளுக்கும் இந்தத் தண்ணிதான். சும்மா இருங்க!" என்று மனைவி கெஞ்சினாள்.

பொறாமைக்குக் காது ஏது? குளத்து நடுவில் இறங்கி, இறுகிக் கிடந்த களிமண்ணைக் கொம்புப் பல்லால் முட்டி முட்டிக் கிளறினான். உச்சிவேளையில் சரளை தட்டுப்பட்டது. "ஆகா!" என்று குதித்தான்.

அந்தத் துளை வழியே தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது. மாலைக்குள் குளம் காலி. ஏழு குட்டிகளும் ஈரச் சேற்றை நக்கிக்கொண்டு அழுதன.

கீழிருந்து மான்கள் ஓடி வந்தன. "பன்றியண்ணே, அதிசயம்! நாச்சியக்கா குளம் ஒரு சாண் ஏறிடுச்சு!"

கோரப்பல்லன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மெல்ல மெல்ல மேடேறி வந்தாள் நாச்சி. "இதைத்தான் அண்ணே சொல்ல வந்தேன். உங்க பாட்டன் பூட்டன் எல்லாம் புரண்டு புரண்டு இறுக்கின களிமண்ணுதான் தண்ணியைத் தாங்கிட்டு இருந்துச்சு. மனுஷங்க ஒதுக்கிப் போட்ட களிமண் என் கரையில குவிஞ்சு கிடக்கு. கொண்டுவந்து துளையை அடைங்க. அதுமேல நல்லாப் புரளுங்க. மழை வர்ற வரைக்கும் குட்டிங்க என் குளத்துல குடிக்கட்டும்."

கோடை முழுவதும், மான்கள் பார்க்கப் பார்க்க, கோரப்பல்லன் தலையைக் குனிந்துகொண்டு குட்டிகளை நாச்சியின் குளத்துக்கு அழைத்துப் போனான். மற்ற நேரமெல்லாம் களிமண் சுமந்தான், மிதித்தான், புரண்டான்.

ஐப்பசி மழையில் மேட்டுக் குளம் நிரம்பியது. பழையபடி கலங்கல்தான். ஆனால் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

அடுத்தவரிடம் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுபவன், தன்னைத் தாங்கி நிற்பதைத் தன் கையாலேயே உடைத்துக்கொள்வான்.