திபேரியு மூடிய குழி

ருமேனியாவில் ஒரு மலைமேல், டேசியர் என்ற மக்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய கோட்டை ஒன்று புதைந்து கிடந்தது. அதை அகழும் பொறுப்பு திபேரியுவிடம் இருந்தது. தெற்கே ஒரு நீண்ட சுவர் தலைகாட்டியதுமே, இது டேசியர் சுவர்தான் என்று அவன் ஊரறியச் சொல்லிவிட்டான். அடிவாரத்து ஊர் பூரித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை விழா என்றார்கள்.

அதற்கு முந்தின நாள் மதியம், ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சுவரின் அடிக்கல்லுக்குக் கீழே ஒரு பானை ஓடு அவன் கண்ணில் பட்டது. பச்சை மெருகு பூசிய ஓடு. டேசியர் காலம் முடிந்து பல நூற்றாண்டுகள் கழித்து வந்த வேலைப்பாடு. ஓடு அடியில் கிடந்தால், சுவர் அதற்கும் பிந்தியது.

அவன் ஓட்டை எடுக்கவில்லை. மண்ணைத் தள்ளி மூடினான். காலால் மிதித்தான்.

மனசு கேட்கவில்லை. கீழே கூடாரத்துக்குப் போனான். ஸ்மரந்தா ஓடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவனுக்கு மண்ணைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். மாணவர்கள் எல்லாருக்கும் அவர் அம்மா.

நடந்ததைச் சொன்னான்.

"ஊரே சந்தோஷமாக இருக்கிறது, அம்மா. அந்த ஓடு அங்கேயே கிடந்துவிட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?"

ஸ்மரந்தா கையைத் துடைத்துக்கொண்டு அவனையும் அழைத்துக்கொண்டு மலையேறினார். கோட்டைவாசலுக்குப் பக்கத்தில், அகழ்ந்த பள்ளத்தின் செங்குத்துப் பக்கத்தின் முன்னால் நின்றார். மஞ்சள் மண்ணின் நடுவே கருமையாக ஒரு திட்டு.

"இது என்ன?"

"டேசியர் காலத்துக் குழி. தோண்டி, மறுபடி மூடியிருக்கிறார்கள்."

"எப்படிச் சொல்கிறாய்?"

"ஒருமுறை கலைத்த மண் பழையபடி சேராது, அம்மா. நிறமே காட்டிக்கொடுத்துவிடும்."

சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. தெற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அப்படியானால் நான் மூடியதையும் ஒருநாள் யாராவது பார்ப்பார்கள்."

"பார்ப்பார்கள்."

"மூடியது நான்தான் என்று தெரியுமா?"

"உன் பெயர் தெரியாது," என்றார் ஸ்மரந்தா. "யாரோ பயந்துபோய் மூடியிருக்கிறான் என்று தெரியும்."

சாப்பிட்டுவிட்டு ஆட்கள் பேசிக்கொண்டே ஏறி வந்தார்கள். திபேரியு தெற்குச் சுவருக்குப் போய், தான் மிதித்து மூடிய இடத்தில் மண்டியிட்டான். எல்லாரையும் பக்கத்தில் வரச்சொல்லிக் கையசைத்தான்.