ஒன்பது நாள் பூஜ்யம்

“நான் கேட்கலையா பிரதர்? ஒரு நாள் விடாம கேட்டேன்லா?”

தங்கபுஷ்பம் சிஸ்டர் நோட்டை இன்னாசியின் மேசைமேல் போட்டாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயசு, நர்ஸ் வேலையில் முப்பது வருஷம். இன்னாசி அவளைவிடப் பன்னிரண்டு வயசு இளையவன். ஆனாலும் பாளையங்கோட்டைப் பக்கத்து அந்த மறதிநோய் இல்லத்தில் எல்லாருக்கும் அவன்தான் குரு. கேலிக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அப்புறம் அதுவே பேராகிவிட்டது.

அவன் நோட்டைத் திறந்தான். நோயாளி வேதமாணிக்கத்தின் பக்கம். வலி என்ற கட்டத்தில் ஒன்பது நாளும் பூஜ்யம். முத்து முத்தான கையெழுத்து.

“ஒன்பது நாளைக்கு முன்னால குளியலறையில வழுக்கி உட்கார்ந்தாரு,” என்றாள். “அன்னைக்கிருந்து தினமும் ‘வலிக்கா ஐயா’ன்னு கேட்டேன். இல்லன்னாரு. எழுதினேன்.”

“வேற என்ன எழுதினீங்க?”

“சோத்தைத் தட்டிவிட்டாருன்னு. துணி மாத்த விடாம பிறாண்டினாருன்னு. முரண்டுன்னு.”

“அப்புறம்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கையைத் துணியால கட்டிலோட கட்டிட்டேன், பிரதர். ஆறு நாளு.”

அன்று காலைதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இருதயம் தாங்காது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். வலி இருந்தால் ஊசி போடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார்.

“ஊசி போட்டாச்சா?” என்றான் இன்னாசி.

“இல்ல. இப்பவும் கேட்டேன். வலி இல்லன்னுட்டாரே.”

ஆயிரம் பேரைப் பார்த்த நர்ஸ் சொல்கிற பேச்சு இது. அதிகம் படித்த மேதாவிகளுக்கு இப்படித்தான் வரும்.

இன்னாசி எழுந்தான். “வாங்க.”

வேதமாணிக்கம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். இன்னாசி அவர் முகத்துக்கு நேரே குனிந்தான்.

“ஐயா, உங்க பேரு வேதமாணிக்கமா?”

“இல்ல.”

“பசிக்கா?”

“இல்ல.”

“வயிறு நெறஞ்சிருக்கா?”

“இல்ல.”

“உசுரோட இருக்கீயளா?”

“இல்ல.”

தங்கபுஷ்பம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ரேஷன் கடையில் நிறுத்துப் போட்டவர். சீனி இல்ல, பாமாயில் இல்ல, நாளைக்கு வா என்று ஆயுசு முழுக்கச் சொன்னவர். பெண்டாட்டி பேர் போயிற்று, பிள்ளைகள் பேர் போயிற்று, அந்த ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அவள் ஒன்பது நாள் பூஜ்யம் போட்டிருக்கிறாள்.

“அந்த விரிப்புச் சுருக்கத்தைக் கொஞ்சம் இழுத்து விடுங்க,” என்றான் இன்னாசி.

இடுப்போரம் ஒரு விரலளவு இழுத்தாள்.

அவர் நெற்றி முடிச்சாகச் சுருங்கியது. தாடை இறுகியது. மூச்சு நின்று, திரும்ப வந்தது. வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இன்னாசி நோட்டை நீட்டினான்.

“எழுதுங்க.”

அவள் எழுதவில்லை. ஊசி எடுக்க ஓடினாள்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் நெற்றி தளர்ந்தது, பிறகு தாடை. மூச்சு சீராக வந்தது. கை விரிப்பின்மேல் கிடந்தது. மணிக்கட்டில் துணி கட்டிய தடம் கன்றிப்போயிருந்தது.

தங்கபுஷ்பம் கட்டிலோரம் முழங்கால் போட்டாள்.

“பாவி நான், ஐயா. தெரியாம செஞ்சிட்டேன். என்னை மன்னிப்பீயளா?”

“இல்ல.”

அவள் சட்டென்று இன்னாசியைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணீரோடு முகத்தில் ஒரு நப்பாசையும் இருந்தது.

“அவரு எல்லாத்துக்கும் இல்லன்னுதான பிரதர் சொல்லுவாரு? இதுவும் அப்படித்தான?”

“வாயைப் பார்க்காதீங்க, சிஸ்டர்.”

அவள் மெல்லத் தன் கையை அவர் மணிக்கட்டுப் பக்கம் கொண்டுபோனாள்.

நெற்றி சுருங்கவில்லை. தாடை இறுகவில்லை. அந்தக் கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, போர்வைக்குள் போய் ஒளிந்துகொண்டது.